புண்ணிய காலத்தில் ஓய்வெடுத்த திருடன்

அத்தியாயம் 6

"போலீஸ்ல சொன்னதையே நீங்களும் சொல்லப் போறீங்கன்னா இப்பவே சொல்லிருங்க மிஸ். ரெண்டரை பஸ்ஸைப் பிடிச்சு நான் போய்க்கிட்டே இருப்பேன்."

வந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஹர்ஷனி சண்டைக்கு நின்றாள்.

பந்துலவுக்கு எரிச்சலாக வந்தது. சிங்களப் புதுவருஷம் பிறந்து மறுநாள். குருநாகல் டவுனே இழுத்துச் சாத்திக் கிடக்கிறது. கீழே பேக்கரிகூடப் பூட்டியாகிவிட்டது. மனைவி சுட்ட பலகாரத்தைத் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டியவன், உதுலா ஒரு போன் போட்டாள் என்பதற்காக இந்த மாடிப்படியை ஏறி வந்திருக்கிறான். வந்த இடத்தில் வாடிக்கைக்காரியே வள்ளென்று விழுகிறாள்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" என்றாள் உதுலா. குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை.

"வெளிநாட்டுக் கும்பலாம். கம்போடியாவாம். போனது போனதுதான், வீட்டுக்குப் போய் பாற்சோறு சாப்பிடும்மான்னு அனுப்பிட்டாங்க."

"பாற்சோறு நல்ல யோசனைதான்," என்றான் பந்துல.

ஹர்ஷனி அவனை எரிப்பதுபோலப் பார்த்தாள். "இந்த ஆளு யாரு மிஸ்?"

"என் உதவியாள். இருபத்திரண்டு வருஷம் கண்டி பஸ்ல கண்டக்டர். சில்லறை இல்லைன்னு புளுகறவன் மூஞ்சியைப் பாத்தே எந்தப் பாக்கெட்ல வெச்சிருக்கான்னு சொல்லிடுவார்."

"மூஞ்சி இருக்கிற திருடனுக்கு அது சரி. இந்தத் திருடனுக்கு ஏது மூஞ்சி?"

பந்துல வாயை மூடிக்கொண்டான். ஐம்பத்தொரு வயதில் வாயை மூட வைப்பவர்கள் குறைவு. உதுலா ஒருத்தி, அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள், வங்கியின் மோசடிப் பிரிவில் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வேலையை உதறிவிட்டு இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தவள். இப்போது இன்னொருத்தி சேர்ந்துவிட்டாள். சமாதானமாக இருக்கட்டுமே என்று புதுவருஷத்துக்குச் சுட்ட கொக்கிஸ் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் அதைத் திரும்பத் தள்ளிவிட்டாள். "எனக்கு இந்த வருஷம் புதுவருஷமே கிடையாது. ஜனவரில அம்மா போயிட்டாங்க."

அவள் உடுத்தியிருந்த வெள்ளை அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன்னையே நொந்துகொண்டு தட்டை மேசைக்கடியில் வைத்தான்.

விஷயத்தை ஹர்ஷனி சுருக்கமாகச் சொன்னாள். கணவன் லலந்த நாலு வருஷமாகக் கொரியாவில் இரும்புப் பட்டறை வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கிரிப்டோ டாலராக மாற்றி, ஹர்ஷனியின் போனில் இருக்கும் வாலட் என்கிற பணப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். மொத்தம் இருபதாயிரத்து நானூறு டாலர். நம் ரூபாயில் அறுபத்தோரு லட்சம். வீடு கட்டுவதற்கு வைத்திருந்தது. இந்த மாதம் எட்டாம் தேதி அவன் லீவில் வந்தான். பத்தாம் தேதி சாயங்காலம் வாலட்டில் ஒரு டாலர்கூட இல்லை.

"அந்த வாலட்டுக்குப் பூட்டும் சாவியும் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை," என்றாள் உதுலா, பந்துலவுக்காக. "அது யார் கைக்குப் போகுதோ அவன்தான் சொந்தக்காரன். கையெழுத்து, அடையாள அட்டை எதுவும் வேணாம்."

"அதை நான் எவனுக்கோ சொல்லிட்டேனாம்!" ஹர்ஷனியின் குரல் ஏறியது. "என் புருஷனும் அவர் அக்கா பிரியந்தியும் சேந்து தீர்ப்பே எழுதிட்டாங்க. அந்த எவன்ங்கிறவன் என் கள்ளக் காதலனாம். நாளைக்கு எண்ணெய் வெக்கிற சடங்கு முடிஞ்சதும் நான் என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பணுமாம். வண்டிகூடச் சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும்தான் வண்டி. என் பொண்ணு அங்கேயே இருக்கணுமாம். ஏழு வயசு மிஸ் அவளுக்கு."

அழுதுவிடுவாள் என்று பந்துல பயந்தான். அவள் அழவில்லை, மேசையைத்தான் குத்தினாள்.

"யாருக்காவது சொன்னீங்களா?" உதுலா கேட்டாள்.

"இல்ல."

"போட்டோ எடுத்து போன்ல வெச்சீங்களா?"

"இல்ல."

"உங்க வாலட்டைச் சரிபாக்கணும், இந்த லிங்க்ல பன்னிரண்டு வார்த்தையைப் போடுங்கன்னு எவனாவது மெசேஜ் பண்ணினானா?"

"பத்துப் பேர் பண்ணினானுங்க. பத்துப் பேரையும் திட்டி பிளாக் பண்ணினேன். நான் படிச்சது பத்தாவதுதான் மிஸ், ஆனா முட்டாள் இல்ல. பேப்பர்ல எழுதி, பொண்ணோட பிறப்பு அத்தாட்சிக்குள்ள மடிச்சு, அலமாரில பூட்டி வெச்சிருந்தேன்."

உதுலா மடிக்கணினியைத் திருப்பினாள். "இந்தக் காசுல ஒரு வசதி இருக்கு. எந்த வாலட்லேர்ந்து எந்த வாலட்டுக்குப் போனாலும் ஊரே பாக்கலாம். பேர் மட்டும் இருக்காது. உங்க காசு மொத்தமா ஒரு புது வாலட்டுக்குப் போயிருக்கு. அங்கேர்ந்து ரெண்டு மணிக்கொரு தடவை இருநூத்தம்பது இருநூத்தம்பதா வெளிய போகுது. பாதிக்கு மேல இன்னும் அங்கேயே இருக்கு."

"மருந்து குடிக்கிற மாதிரி ரெண்டு மணிக்கொரு தடவையா?" பந்துல மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தான். தேதி, நேரம், தொகை என்று வரிசை வரிசையாக இருந்தது. பஸ் டைம்டேபிளைப் பார்க்கிற கண்ணால் அதை மேலிருந்து கீழே ஓட்டினான். பதினோராம் தேதி காலை ஆறு, எட்டு, பத்து. இரவு பத்தோடு கடைசி வண்டி. பன்னிரண்டாம் தேதியும் அப்படியே. பதின்மூன்றும் அப்படியே.

"மிஸ், பதினாலாம் தேதி வண்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் கிளம்பியிருக்கு? காலைல நாலு நாப்பது. அதுக்கப்புறம் மத்தியானம் ஒண்ணு முப்பத்தெட்டு வரைக்கும் வண்டியே இல்ல."

"அதைத்தான் காலைலேர்ந்து நான் பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணே. பதினாலாம் தேதி என்ன நாள்?"

"நேத்து. புதுவருஷம்."

"புண்ணிய காலம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"நாலு ஐம்பத்தாறு. என் பொண்டாட்டி நாலே முக்காலுக்கு அடுப்பை அணைச்சிட்டா, ஒரு வாய் டீ கேட்டதுக்கு..." பந்துல பாதியில் நின்றான். "அடப்பாவி!"

"புண்ணிய காலத்துல எந்த வேலையும் தொடக் கூடாது. அதனால முன்னாடியே எழுந்து ஒரு தடவை அனுப்பிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டான். மறுபடி கையை வெச்சது ஒண்ணு முப்பத்தெட்டுக்கு."

"வருஷத்தோட முதல் கொடுக்கல் வாங்கலுக்குப் பஞ்சாங்கத்துல குறிச்ச நேரம்! கம்போடியாவுல உக்காந்திருக்கிற எவனுக்கு மிஸ் நம்ம சுப நேரம் தெரியும்? இவன் நம்ம ஆளு. திருட்டுக் காசுக்கும் நேரம் பாக்கிற நம்ம ஊர் ஆளு!"

ஹர்ஷனி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"அந்த ஒண்ணு முப்பத்தெட்டுக்கு இருநூத்தம்பது போகல. ஏழே ஏழு டாலர், வேற ஒரு வாலட்டுக்கு," என்றாள் உதுலா. "மூணு நிமிஷத்துல அங்கேர்ந்து ஏழு டாலர் திரும்பி வந்திருக்கு. கொடுத்தான், வாங்கினான். வெத்தலைல வெச்சுக் கொடுக்கல, அவ்வளவுதான்."

"அப்படின்னா கைராசிக்காரனாப் பாத்துத்தான் கொடுத்திருப்பான். வருஷத்தோட முதல் காசைக் கண்டவன் கைல யாரு கொடுப்பா? அந்தக் கைராசிக்காரன் யாருன்னு தெரிஞ்சா..."

"தெரிஞ்சாச்சு." உதுலா ஜன்னலைக் காட்டினாள்.

எதிர்ச் சுவரில் ஆளுயரப் போஸ்டர். கோட்டு சூட்டு போட்ட ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். 'கிரிப்டோவில் ஏமாறாமல் இருக்க, அசங்க சேர் நடத்தும் வகுப்பு. பெண்களுக்குப் பாதிக் கட்டணம்.' கீழே கட்டணம் அனுப்ப வேண்டிய வாலட்டின் கட்டம் கட்டமான குறி. ஏழு டாலர் போய்வந்த வாலட் அதுதான்.

*

அசங்க சேர் விளையாட்டு மைதானத்தில் இருந்தார். வருஷப்பிறப்பு விளையாட்டுக்குப் பிரதம விருந்தினர். தலையணைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மரத்தண்டின் மேல் உட்கார்ந்து அடித்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன் கீழே விழ, ஊரே கூச்சலிட்டது. சேர் முதல் வரிசைச் சோபாவில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். உதுலா போய்ப் பக்கத்தில் நின்றதும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கிளாஸ் இருபத்தொண்ணாம் தேதி. இன்னிக்கு லீவு."

"படிக்க வரல சேர். நேத்து உங்களுக்கு ஏழு டாலர் வந்துச்சு. அது திருட்டுக் காசு. அனுப்பினது யாருன்னு தெரியணும்."

"யாருய்யா இந்தப் பொம்பளை?" சேர் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். இரண்டு தடியன்கள் முன்னால் வந்தார்கள். "என் மாணவர்களைப் பத்தின விவரம் வெளிய போகாது. கிளம்பும்மா. ஏதாவதுன்னா வக்கீல்கிட்டப் பேசு."

பந்துல தடியன்களை எண்ணிப் பார்த்தான். இரண்டுதான். ஆனால் அவனே அரை ஆள்தான் தேறுவான். ஆகவே அவர்களைச் சுற்றிக்கொண்டு ஒலிபெருக்கிக்காரனிடம் போனான். "தம்பி, ஒரு அறிவிப்பு" என்று மைக்கை வாங்கினான். கண்டக்டர் தொண்டைக்கு மைக்கே தேவையில்லை. இருந்தாலும் வாங்கினான்.

"அன்பான ஊர் மக்களே! நம்ம பிரதம விருந்தினர் அசங்க சேர் அவர்கள்கிட்ட ஒரு சின்னக் கேள்வி. நேத்து மத்தியானம் ஒண்ணு முப்பத்தெட்டுக்கு..."

"டேய்! நிறுத்துடா!" சேர் இளநீரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். மைக்கை அணைத்தார். முகம் சிவந்திருந்தது. "எனக்கு நாலு வருஷப் பேருடா இது! பன்னிரண்டு வார்த்தையை என்கிட்டகூடச் சொல்லாதேன்னு முதல் கிளாஸ்லயே சொல்றவன்டா நான்! என்னையே திருடன்னு சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்? பாதிலதான் அணைச்சிட்டீங்களே."

"நேத்து அந்த நேரத்துக்கு நாப்பத்தோரு பேர் அனுப்பினாங்க. என் கைராசிக்காக அனுப்பறாங்க. ஆளாளுக்கு வந்ததை அப்படியே திருப்பி அனுப்பினேன். ஒரு சல்லிக் காசு நான் எடுக்கல."

"நம்பறேன் சேர்," என்றாள் உதுலா. "நாப்பத்தோரு பேர்ல ஏழு டாலர் அனுப்பினது யாரு? திருப்பி அனுப்பணும்னா பேர் தெரிஞ்சிருக்கணுமே."

சேர் பல்லைக் கடித்துக்கொண்டு போனைத் தேய்த்தார். மாணவர் பட்டியல் வந்தது. ஏழு டாலர், அதே வாலட். பெயர்: ஹர்ஷனி. ஊர்: நாரம்மல.

பந்துலவுக்குத் தலை கிறுகிறுத்தது. "நம்ம வாடிக்கைக்காரியேவா? தானே எடுத்துட்டு, மேசையை வேற குத்தினாளே! என்ன நடிப்பு மிஸ்! நான் பாட்டுக்குத் தட்டை வேற ஒளிச்சு வெச்சேன்!"

"தட்டை ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

"அம்மா செத்த வருஷம், புதுவருஷம் கிடையாதுன்னு சொன்னா. அதான்..."

உதுலா திரையில் தெரிந்த பெயரை விரலால் தட்டினாள்.

பந்துல மெதுவாகத் தலையில் அடித்துக்கொண்டான். சாவு விழுந்த வருஷத்தில் அடுப்பு மூட்ட நேரம் கிடையாது, எண்ணெய் கிடையாது, கொடுக்கல் வாங்கலும் கிடையாது. துக்கம் காக்கிறவள் கைராசி பார்த்து ஏழு டாலர் அனுப்ப மாட்டாள். பேர்தான் அவளுடையது. கை வேறு யாருடையதோ.

"சேர், பொம்பளைங்களுக்குப் பாதிக் கட்டணம்னு போட்டிருக்கீங்களே," என்றாள் உதுலா. "ஆம்பளைங்க பொண்டாட்டி பேர்ல சேர்ந்தா கண்டுபிடிப்பீங்களா?"

சேர் முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார். "பாதிப் பேர் அப்படித்தான். ஆன்லைன் கிளாஸ்தானே. இந்த ஹர்ஷனி மைக்கே போட மாட்டாங்க. டைப் பண்ணித்தான் கேப்பாங்க."

"கடைசியா என்ன கேட்டாங்க?"

சேர் தேடினார். "போன மாசம். ஒரு கம்பெனில போட்ட காசை எடுக்கறதுக்கு முன்னாடி வரி கட்டச் சொன்னா கட்டலாமான்னு. கட்டாதே, அது மோசடின்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

த்ரீவீலரில் திரும்பும்போது பந்துல பந்தயம் கட்டினான். "பிரியந்திதான் மிஸ். புருஷனோட அக்கா. யாரு ரொம்பக் கத்தறாங்களோ அவங்ககிட்டதான் டிக்கெட் இருக்காது. லலந்தவா இருக்க முடியாது. நாலு வருஷம் இரும்புல வெந்து சம்பாதிச்ச காசைத் தானே திருட அவனுக்கென்ன பைத்தியமா?"

"நாளைக்குத் தட்டிப் பாத்துடலாம்," என்றாள் உதுலா. "உங்க போன்ல ரெண்டு டாலர் போட்டு வெக்கறேன். நான் கண்ணைக் காட்டினதும் ஒரு டாலரைத் திருட்டுக் காசு இருக்கிற வாலட்டுக்கு அனுப்புங்க. முதல் நாலெழுத்தும் கடைசி நாலெழுத்தும் சரியான்னு ரெண்டு தடவை பாத்துட்டு அனுப்புங்க. தப்பாப் போனா நாமளும் கம்போடியாவைத்தான் திட்டணும்."

*

நாரம்மல வீட்டு முற்றத்தில் வண்டி ஒன்று ஏற்கெனவே நின்றது. ஹர்ஷனியின் பெட்டி அதில் ஏறியாகிவிட்டது.

"எவன் கூப்பிட்டான் உங்களை?" வாசலிலேயே மறித்தாள் பிரியந்தி. ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம். "சுப நேரத்துக்கு நாலு நிமிஷம்தான் இருக்கு. துப்பறியறேன், தொடப்பம் அறியறேன்னு வந்து நிக்கறீங்க! அவ கூட்டிட்டு வந்தாளா? போகும்போதும் மானத்தை வாங்கிட்டுத்தான் போவாளா?"

"எண்ணெய் வெச்சு முடிங்க அக்கா. நாங்க ஓரமா நிக்கறோம்," என்றாள் உதுலா.

விரட்ட நேரமில்லை. ஒன்பது நாற்பத்தொன்று தாண்டினால் நேரம் போய்விடும். முறைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

கூடத்தில் லலந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் இலை, தலைக்கு மேல் இலை. கையெல்லாம் பட்டறைத் தழும்பு. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. பக்கத்துச் சின்ன நாற்காலியில் மகள். துக்கக்காரி என்பதால் ஹர்ஷனியைச் சமையலறை வாசலைத் தாண்டி வர விடவில்லை. அங்கிருந்து மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரியந்தி கிண்ணத்தில் விரலைத் தோய்த்துத் தம்பியின் உச்சியில் எண்ணெய் வைத்தாள். "நோய் நொடி இல்லாம இரு மல்லி, என் தம்பி நீ நல்லா இருக்கணும். உன்கிட்டத் திருடினவ நல்லாவே இருக்கக் கூடாது."

உதுலா கண்ணைக் காட்டினாள். பந்துல எழுத்துக்களை இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்தினான். பார்வை பிரியந்தியின் இடுப்பில் செருகியிருந்த போன் மேலேயே இருந்தது.

டிங்.

சத்தம் அங்கிருந்து வரவில்லை. லலந்தவின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

பந்துலவுக்கு நம்பிக்கை வரவில்லை. தற்செயலாக யாராவது மெசேஜ் போட்டிருக்கலாம். இரண்டாவது டாலரையும் அனுப்பினான்.

டிங்.

"என்ன லலந்த, டாலர் வந்திருக்கா?" என்றாள் உதுலா. "எடுத்துப் பாருங்க. ரெண்டும் நாங்க அனுப்பினதுதான். உங்க பொண்டாட்டி காசைத் திருடினவனோட வாலட்டுக்கு."

பிரியந்தியின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து எண்ணெய் தரையில் கொட்டியது. லலந்தவின் உச்சியில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போனது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நான் திருடல," என்றான் கடைசியில். "என் காசு அது. ரெண்டு வாரத்துல திருப்பி வெச்சிருப்பேன். பத்து மடங்கா வெச்சிருப்பேன்!"

"மல்லி?" என்றாள் பிரியந்தி. அத்தனை நேரம் ஏறியிருந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

அவனே போனை எடுத்துக் காட்டினான். பெருமையாகத்தான் காட்டினான். திரையில் ஏதோ ஒரு கம்பெனியின் பக்கம். அவன் பெயரில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர். கொரியாவில் பூசான் நகரத்தில் இருக்கும் ஹாயூன் என்ற பெண் பழக்கமாகிச் சேர்த்துவிட்டாளாம். முதலில் அவன் ஹர்ஷனிக்குத் தெரியாமல் ஒதுக்கி வைத்த எட்டாயிரம் போட்டான். அது வளர்ந்து இவ்வளவாகியது. எடுக்க வேண்டுமானால் வரி கட்ட வேண்டும். அதற்குத்தான் ஊருக்கு வந்த கையோடு அலமாரியைத் திறந்து பன்னிரண்டு வார்த்தையைப் பார்த்து எழுதிக்கொண்டான். மொத்தமாக அனுப்பினால் கணக்கு முடங்கிவிடும், இரண்டு மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப வேண்டும். எல்லாம் அவள் சொன்னது.

"அவளை வீடியோ கால்லயாவது பாத்திருக்கியா?" பந்துல கேட்டான்.

"அவ போன்ல கேமரா உடைஞ்சு போச்சு."

"உன் தலைல மூளை உடைஞ்சு போச்சு."

"லலந்த, அது வெறும் திரை," என்றாள் உதுலா. "அந்த நம்பரை நான் இங்க உக்காந்து ஒரு கோடின்னு மாத்திக் காட்டுவேன். காசு எடுக்கறதுக்குக் காசு கட்டச் சொன்னா அங்க காசே இல்லைன்னு அர்த்தம். உங்க சேரே உங்களுக்குப் பதில் போட்டாரே."

"சேருக்குப் பொறாமை."

அதுவரை வாயே திறக்காத ஹர்ஷனி சமையலறை வாசற்படியைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. நேராக வந்து கணவன் முன்னால் நின்றாள்.

"எடுத்தது நீங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னை வேசின்னீங்க. அக்கா சொல்லும்போது தலையாட்டினீங்க. என் புள்ளையை என்கிட்டேர்ந்து பிரிக்கப் பாத்தீங்க."

"ரெண்டு வாரம் நீ அண்ணன் வீட்ல இருந்தா போதும்னு பாத்தேன். காசு வந்ததும் நானே வந்து கூப்பிட்டிருப்பேன். உன்கிட்டச் சொன்னா நீ விட மாட்டே..."

போன் மறுபடி அலறியது. இந்தத் தடவை டிங் இல்லை, அலாரம். மணி பத்து. லலந்தவின் கட்டைவிரல் தானாகத் திரையைத் தேடிப் போனது.

"ஒரு நிமிஷம். டைம் ஆச்சு. இதை மட்டும் அனுப்பிடறேன், இல்லைன்னா மொத்தமும் முடங்கிடும். அப்புறம் பேசலாம்."

பந்துல எத்தனையோ குடிகாரர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவன். இப்படி ஒருவனை எப்படி இறக்குவது என்று அவனுக்கே தெரியவில்லை.

இறக்கியது பிரியந்திதான். எண்ணெய்க் கையாலேயே தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். போனைப் பிடுங்கி ஹர்ஷனியின் கையில் திணித்தாள். பிறகு விறுவிறுவென்று முற்றத்துக்குப் போய், வண்டியிலிருந்த பெட்டியைத் தானே இறக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. பெட்டியை ஹர்ஷனியின் காலடியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஹர்ஷனி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மிச்சம் எவ்வளவு மிஸ்?" என்று உதுலாவிடம் கேட்டாள்.

"ஒன்பதாயிரத்து நானூறு."

"போன பதினோராயிரம்?"

"போனது போனதுதான்," என்றாள் உதுலா. "அதுல போலீஸ்காரன் சொன்னது சரி. நாளைக்கே ஒருத்தன் போன் பண்ணுவான், நாங்க மீட்டுத் தர்றோம், முதல்ல ஐந்நூறு கட்டுங்கன்னு. அவனும் இதே கும்பல்தான். போனைக் கட் பண்ணிருங்க."

ஹர்ஷனி தன் போனில் புது வாலட் ஒன்றைத் திறந்தாள். லலந்தவின் போனிலிருந்து முதலில் ஐந்து டாலர் அனுப்பிப் பார்த்தாள். அது வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகு மிச்சத்தை அனுப்பினாள். பந்துல அனுப்பிய இரண்டு டாலரும் அதோடு சேர்ந்து போனது. அவன் அதைக் கேட்கவில்லை. நியாயமாகக் கேட்டிருக்க வேண்டும் என்று வழி நெடுகப் புலம்புவான், அது வேறு.

மகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, புது வாலட்டின் பன்னிரண்டு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எழுதினாள். உதுலா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். பந்துலவும் கூரையைப் பார்த்தான். மகள் தாயின் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

லலந்த மட்டும் கன்னத்தைத் தடவிக்கொண்டே மெல்ல எழுந்து வந்தான். பின்னாலிருந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

ஹர்ஷனி தாளைக் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்தாள்.

"ஹர்ஷனி, நான் உன் புருஷன்," என்றான் அவன்.

"அதனாலதான் கவுத்து வெச்சிருக்கேன்."